புல் யாருக்குச் சொந்தம்?

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் இருந்தது. பத்தாம் தரத்துக்கு முதலாம் பாடவேளை புவியியல். அந்த வாரத்தில் மூன்றாவது தடவையாக ஒரு மாணவி பிந்தி வந்து வகுப்பு வாசலில் நின்றாள். பாவாடையின் விளிம்பில் புல் விதைகள் ஒட்டியிருந்தன. ஏன் பிந்தினாய் என்று சற்றுக் கடுமையாகவே கேட்டேன்.

"புல்லு வெட்டிட்டு வரச் சுணங்கிட்டு, டீச்சர். கிட்ட எங்கயும் புல்லு இல்ல. ஓடைக்கு அங்கால போகணும்" என்றாள்.

இடைவேளையில் அவளை அழைத்து விபரம் கேட்டேன். அவளது ஊர் ஒரு தேயிலைத் தோட்டத்தின் எல்லையில் இருக்கிறது. ஊருக்கும் தோட்டத்துக்கும் நடுவில் மானாப்புல் வளர்ந்த ஒரு சரிவு. எங்கள் முஸ்லிம் வீடுகள் சில, லயத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சில, கீழே உள்ள சிங்களக் கிராமத்தில் இரண்டு மூன்று வீடுகள் என்று எல்லோருமே ஒன்றிரண்டு பசுக்களை அங்கேதான் மேய விட்டு வந்தார்கள். யாரும் யாரையும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையும் வரவில்லை. இந்த வருடம் ஒருவர் உழ்ஹிய்யாவுக்கு விற்பதற்காகப் பதினைந்து மாடுகளை வாங்கி அதே சரிவில் விட்டிருந்தார். மூன்று வாரத்தில் புல் தீர்ந்துவிட்டது. லயத்துப் பெண்கள் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் நிற்கிறார்கள். கீழ்க் கிராமத்தார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"யாருடைய மாடுகள்?" என்று கேட்டேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு, "எங்கட சாச்சாட மாடுதான், டீச்சர்" என்றாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "சாச்சா சொல்ற, அது யாருட காணியும் இல்லையாம். அப்ப அந்தப் புல்லு யாருக்கு டீச்சர்?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் ஒரு வரியில் பதில் இருக்கவில்லை. அதற்கு அடுத்த இரண்டு வாரங்களும் எங்கள் புவியியல் பாடம் அந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்தது. அப்பாடத்தை மற்ற மாணவிகளும் பெற்றோரும் வாசிக்கும் வகையில் இங்கே எழுதித் தருகிறேன்.

மொழி சொல்லும் செய்தி

முதலில் நம் தமிழையே கேட்டுப் பார்ப்போம். "மாடு" என்ற சொல்லுக்குச் செல்வம் என்றும் ஒரு பொருள் உண்டு. திருக்குறளிலும் அச்சொல் அந்தப் பொருளில் வருகிறது. காடும் காடு சார்ந்த இடமும் முல்லை. அங்கே ஆநிரை மேய்ப்பது ஆயர் தொழில். தொல்காப்பியத்தின் புறத்திணையியல் விரிக்கும் முதல் திணை வெட்சி. அது பகைவரின் ஆநிரையைக் கவர்ந்து வருவதைப் பற்றியது. மாட்டைத் தொட்டால் போர் மூளும் என்ற அளவுக்கு அன்றைய வாழ்வு மாட்டையும் மேய்ச்சலையும் சார்ந்திருந்தது.

இன்னொரு சொல் "மன்று". ஊரார் கூடும் இடத்துக்கும் அந்தப் பெயர். மாடுகள் அடைக்கும் தொழுவத்துக்கும் அந்தப் பெயர். மாடுகள் சேரும் இடமும் மனிதர் கூடிப் பேசும் இடமும் ஒரே சொல்லில் அடங்குவதை மாணவிகள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தின் முடிவில் அது உதவும்.

நம் மலையகத்துக்கு வந்தால் "பட்டி" என்ற சொல் இருக்கிறது. தோட்டங்களில் இன்றும் மாட்டுக் கொட்டிலை மாட்டுப்பட்டி என்றுதான் சொல்கிறோம். பதுளை ரயில் பாதையில் மிக உயரத்தில் உள்ள நிலையத்தின் பெயர் பட்டிப்பொல. சிங்களத்திலும் பட்டி என்றால் மந்தைதான். புல் மூடிய மலைச்சரிவைச் சிங்களத்தில் பத்தன என்பார்கள். கொட்டகலைக்கு அருகே உள்ள பத்தனை என்ற ஊர்ப்பெயரும் அதுவே. இரண்டு மொழிகளிலும் மாட்டின் சுவடு ஊர்ப்பெயராக நிலைத்திருக்கிறது.

ஊவாவின் பத்தனைகள்

வெலிமடை, பண்டாரவளை, தியத்தலாவை, பதுளைப் பக்கங்களில் இன்றும் காணும் புற்சரிவுகளைப் புவியியலில் உலர் பத்தனை என்கிறோம். ஹோர்ட்டன் சமவெளி போன்ற உயர்ந்த குளிர்ப் பகுதியில் உள்ளது ஈரப் பத்தனை. ஊவாவுக்கு வடகீழ்ப் பருவக்காற்றே அதிக மழையைத் தருகிறது. மேற்கு மலைகளில் மழை கொட்டும் ஆண்டின் நடுப்பகுதியில் இங்கே வீசுவது உலர்ந்த கச்சான் காற்று. புல் காய்ந்து மஞ்சளாகும். சிறு தீப்பொறியும் ஒரு மலையையே எரித்துவிடும்.

இங்கே அதிகம் வளர்வது மானா. முற்றிய மானாவை மாடு விரும்பித் தின்னாது. அதன் இளந்தளிரைத்தான் தின்னும். அதனால்தான் மாடு வளர்ப்போர் காய்ந்த புல்லுக்குத் தீ வைத்து, மழைக்குப் பின் துளிர்க்கும் இளம்புல்லில் மேய்க்கும் வழக்கம் வந்தது. ஆனால் எரிந்த சரிவில் மழை பெய்தால் மண் கழுவிப் போகும். எப்போது எரிப்பது, எந்தச் சரிவை விட்டு வைப்பது, எத்தனை நாள் மாட்டை உள்ளே விடாமலிருப்பது என்பதையெல்லாம் தனியொரு வீடு தீர்மானிக்க முடியாது. ஒரு சரிவைப் பயன்படுத்தும் எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் புல்லும் நிற்கும், மண்ணும் நிற்கும்.

கண்டி இராச்சிய காலத்தில் ஊவாவின் ஒரு கிராமம் என்பது வயல் மட்டுமல்ல. வயலும் வீட்டுத் தோட்டமும் குடும்பங்களுக்கு உரியவை. அவற்றுக்கு அப்பால் சேனை, காடு, புல்வெளி ஆகியன ஊர் வழக்கப்படி பலரும் சேர்ந்து பயன்படுத்தியவை. எருமை இல்லாமல் சேறடிக்க முடியாது, சூடு மிதிக்க முடியாது. எருமைக்குப் புல்வெளி வேண்டும். ஆகவே வயலின் உயிர் வயலுக்கு வெளியே உள்ள புல்லில் இருந்தது.

நம் முஸ்லிம் மூதாதையருக்கும் இதில் பங்குண்டு. கண்டி அரசில் பொதிமாட்டுப் போக்குவரத்துக்கென்று மடிகே பத்த என்ற ஒரு பிரிவு இருந்தது. அதில் முஸ்லிம்கள் பெருமளவில் பணி செய்தார்கள். உப்பையும் கருவாட்டையும் துணியையும் கரையோரத்திலிருந்து மலைக்கு ஏற்றி, பாக்கு போன்றவற்றைக் கீழே இறக்கிய பொதிமாட்டு வரிசைகளைத் தவளம் என்பார்கள். ஒரு தவளம் பல நாட்கள் நடக்கும். தங்கும் இடமெல்லாம் மாட்டுக்குப் புல்லும் நீரும் வேண்டும். பிறர் ஊரின் புல்லில் நம் மூத்தவர்களின் மாடுகள் மேய்ந்துதான் அந்த வியாபாரம் நடந்தது. இந்த உண்மை நமக்கு ஒரு கடமையையும் தருகிறது.

ஒரு சட்டம் செய்த மாற்றம்

1815 இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1817-18 இல் ஊவா வெல்லஸ்ஸ கிளர்ச்சி அடக்கப்பட்டபோது இப்பகுதியின் பயிர்களும் கால்நடைகளும் பெருமளவில் அழிக்கப்பட்டன. அதன் பின் வந்தது கோப்பிக் காலம். கோப்பிக்கு நிலம் தேவைப்பட்டது.

1840 இல் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. காடு, தரிசு, குடியிருப்போ பயிரோ இல்லாத நிலம் யாவும், வேறாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியது என்று அது எடுத்துக்கொண்டது. கண்டிப் பிரதேசங்களில் பல வருட இடைவெளி விட்டுப் பயிரிடும் சேனைகளுக்கும் சன்னஸ் போன்ற பத்திரமோ, வழக்கமான வரியோ சேவையோ செலுத்திய ஆதாரமோ கேட்டது. 1897 இன் தரிசு நிலக் கட்டளைச் சட்டம் அந்தப் பிடியை இன்னும் இறுக்கியது.

இதில் மாணவிகள் கவனிக்க வேண்டியது ஒரு சொல்லின் மாற்றம். புல்வெளி "பலரும் பயன்படுத்தும் நிலம்" என்றிருந்தது. சட்டத்தின் பார்வையில் அது "யாரும் பயன்படுத்தாத நிலம்" ஆகிவிட்டது. வயலில் வரப்பு தெரியும். பத்தனையில் எந்த அடையாளமும் தெரியாது. அங்கே மாடு மேய்வது ஒரு பயன்பாடு என்று எழுதி வைக்க எவரிடமும் கடதாசி இருக்கவில்லை. எழுதப்படாத உரிமை, உரிமை இல்லை என்றானது.

அந்த நிலங்கள் கோப்பித் தோட்டங்களாயின. பின்னர் கோப்பி நோயில் அழிய, தேயிலைத் தோட்டங்களாயின. 1894 இல் பண்டாரவளைக்கும் 1924 இல் பதுளைக்கும் ரயில் வந்தது. பொதிமாட்டின் காலமும் முடிந்தது. தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்ட தொழிலாளர்கள் லயங்களில் குடியேற்றப்பட்டார்கள். அவர்களில் பலர் ஒரு பசுவை வைத்துக்கொண்டார்கள். பால் பிள்ளைக்கும் உதவும், மாதக் கடைசியில் கைச்செலவுக்கும் உதவும். ஆனால் மேய்க்கச் சொந்தமாக ஓர் அங்குலப் புல்லும் அவர்களுக்கு இல்லை. மலையைச் சுற்றிய கான் ஓரங்களிலும் ஓடைக்கரையிலும் வீதி விளிம்பிலும் அறுத்துக் கட்டிய புல்லுக்கட்டுத்தான் அந்தப் பசுவின் மேய்ச்சல் நிலம். அதைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும்.

1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் ஒரு நல்ல வாசலைத் திறந்தது. அரச காணியை எந்தெந்தத் தேவைக்கு வகுத்து ஒதுக்கலாம் என்று அது பட்டியலிட்டபோது, கிராம விஸ்தரிப்பு, கிராமக் காடு ஆகியவற்றோடு கிராம மேய்ச்சல் நிலத்தையும் சேர்த்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் சட்டப் புத்தகத்தில் மாட்டுக்கும் ஓர் இடம் கிடைத்தது. ஆனால் அது "கிராம" மேய்ச்சல். தோட்டமோ கிராமத்தின் கணக்கில் வரவில்லை. கிராமச் சபைகளுக்கு வாக்களிக்கும் உரிமைகூடத் தோட்டத் தொழிலாளருக்கு மறுக்கப்பட்டிருந்த காலம் அது. பிரதேச சபை தன் நிதியைத் தோட்டங்களுக்குள் செலவிடுவதற்கு இருந்த தடையே 2018 இல்தான் சட்டத் திருத்தத்தால் நீங்கியது.

பதுளை வீதியின் மறுமுனையில்

இது பழைய கதை என்று நினைத்துவிடக் கூடாது. பதுளையிலிருந்து லுணுகலை, பிபிலை, மகா ஓயா வழியாக இறங்கும் நெடுஞ்சாலை மட்டக்களப்பின் செங்கலடியில் முடிகிறது. அங்குள்ளவர்கள் அதைப் பதுளை வீதி என்றே அழைக்கிறார்கள். அந்தச் செங்கலடிப் பிரதேசத்தின் எல்லையில்தான் மயிலத்தமடு, மாதவனை என்ற மேய்ச்சல் தரைகள் இருக்கின்றன.

அங்கே ஓர் அழகான ஒழுங்கு உண்டு. பெரும்போக வேளாண்மை தொடங்கும்போது கரையோர வயல்களுக்கு அண்மையில் மாடு நிற்க முடியாது. அப்போது பண்ணையாளர்கள் தங்கள் மந்தைகளை மேற்கே உள்ள மேய்ச்சல் தரைக்குச் சாய்த்துக்கொண்டு போவார்கள். அறுவடை முடிந்ததும் மாடுகள் திரும்பி வந்து வயலின் தாளடியை மேயும். வயலுக்கு எரு கிடைக்கும். வேளாண்மையும் மாடும் ஒரே நிலத்தை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இது. இரண்டில் எது குறைந்தாலும் மற்றது பாதிக்கும்.

மயிலத்தமடு, மாதவனையில் வெளியிடத்தவர்கள் வந்து பயிர் செய்வதாகவும், மாடுகள் காயப்படுத்தப்பட்டும் கொல்லப்பட்டும் வருவதாகவும் பண்ணையாளர்கள் முறையிட்டார்கள். 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் அமர்ந்து தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்களது கோரிக்கைகளில் முக்கியமானது, அந்நிலத்தை மேய்ச்சல் தரை என்று வர்த்தமானியில் பிரகடனம் செய்ய வேண்டும் என்பது. தலைமுறை தலைமுறையாக மேய்த்தவர்கள் ஏன் ஒரு கடதாசியைக் கேட்கிறார்கள் என்பது, 1840 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படித்த உங்களுக்கு விளங்கும்.

பொது என்றால் பாழாகுமா?

இந்த இடத்தில் ஒரு மாணவி நல்ல கேள்வியைக் கேட்டாள். "எல்லாருக்கும் பொது என்று விட்டால் சாச்சா மாதிரி ஒருவர் வந்து முடித்துவிடுவாரே டீச்சர்? ஒருவருக்குச் சொந்தமாக எழுதிக் கொடுப்பதுதானே நல்லது?"

இதே கேள்வியை அறிஞர்களும் கேட்டார்கள். 1968 இல் கரெட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர் "சயன்ஸ்" சஞ்சிகையில் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. அவரது வாதத்தை நாங்கள் கரும்பலகையில் ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தோம்.

ஒரு சரிவில் இருபது மாடுகள் வயிறாற மேயலாம் என்று வைத்துக்கொள்வோம். பத்து வீடுகள், வீட்டுக்கு இரண்டு மாடு. ஒரு வீட்டார் மூன்றாவது மாட்டை விடுகிறார். புதிய மாட்டின் பால் முழுவதும் அவருக்கு. அதனால் குறையும் புல்லின் நட்டமோ பத்து வீடுகளுக்கும் பிரிகிறது. அவருக்கு வருவது பத்தில் ஒரு பங்குதான். இலாபம் முழுதாக, நட்டம் பத்தில் ஒன்றாக! இந்தக் கணக்கை மற்ற ஒன்பது வீட்டாரும் போட்டால் சரிவில் முப்பது மாடுகள் நிற்கும். எல்லா மாடும் மெலியும், புல்லின் வேரும் போகும். யாரும் கெட்டவரில்லை, ஆனால் முடிவு கெட்டது. ஆகவே பொதுநிலத்தைத் தனியாருக்குக் கொடு, அல்லது அரசு எடுத்துக்கொள்ளட்டும் என்று பலர் முடிவுக்கு வந்தார்கள்.

எலினோர் ஒஸ்ட்ரோம் என்ற பெண்மணி அந்த முடிவை ஏற்கவில்லை. உண்மையான ஊர்களில் மக்கள் என்ன செய்கிறார்கள் என்று அவர் தேடினார். அவர் எடுத்துக்காட்டியவற்றுள் ஒன்று சுவிட்சர்லாந்தின் டோர்பெல் என்ற மலைக்கிராமம். அதன் மேய்ச்சல் நிலம் ஊருக்குப் பொது. 1483 லேயே ஊரார் கூடி அதற்கு எழுத்தில் உடன்படிக்கை செய்தார்கள். 1517 இல் ஒரு விதி எழுதப்பட்டது: பனிக்காலத்தில் தன் வீட்டு வைக்கோலால் எத்தனை பசுக்களுக்குத் தீனி போட முடியுமோ, அத்தனைக்கு மேல் ஒருவரும் கோடையில் பொதுமலைக்கு அனுப்பக் கூடாது. எவ்வளவு எளிய அளவுகோல்! வெளியே வாங்கி வந்து மேயவிட்டு விற்பதற்கு அங்கே இடமே இல்லை. அந்த மலை பல நூற்றாண்டுகளாகப் பொதுவாகவே இருந்தது; பாழாகவில்லை.

இப்படிப் பல நாடுகளை ஆராய்ந்து 1990 இல் அவர் ஒரு நூல் எழுதினார். நீடித்து நிற்கும் பொதுவளங்களுக்கு ஒத்த இலக்கணங்கள் உண்டு என்றார். பயன்படுத்துபவர் யார் யார் என்பது தெளிவாக இருக்கும். விதி அந்த இடத்தின் தன்மைக்குப் பொருந்தும். விதியைப் பயன்படுத்துபவர்களே சேர்ந்து வகுப்பார்கள். அவர்களுக்குள்ளேயே கண்காணிப்பு இருக்கும். மீறுபவருக்குத் தண்டனை சிறிதிலிருந்து தொடங்கும். பிணக்கைத் தீர்க்க அருகிலேயே ஓர் இடம் இருக்கும். அவர்கள் தாமாக ஒழுங்கு செய்துகொள்ளும் உரிமையை அரசும் மதிக்கும். 2009 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான். ஹார்டினும் பிற்காலத்தில், தாம் சொன்னது நிருவகிக்கப்படாத பொதுநிலத்துக்கே பொருந்தும் என்று ஒத்துக்கொண்டார்.

எனவே "பொது" வேறு, "கேட்பாரற்றது" வேறு. நம் மாணவியின் சாச்சா கேட்பாரற்றது என்று நினைத்தது உண்மையில் பொதுவான நிலம். 1840 ஆம் ஆண்டுச் சட்டம் செய்த அதே தவறு அது.

நம் மார்க்கம் காட்டிய வழி

இந்தப் பாடத்தை இஸ்லாம் பாடப் பிரிவிலும் படித்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. மிஞ்சிய நீரைத் தடுத்து, அதன் மூலம் சுற்றியுள்ள புல்லையும் தடுப்பதையும் அவர்கள் விலக்கினார்கள். கிணறு தன்னுடையது என்ற காரணம் காட்டி மேய்ச்சல் வெளியையே அடைத்துக்கொள்ளும் தந்திரத்துக்கு அது முற்றுப்புள்ளி.

இஸ்லாத்துக்கு முன்னிருந்த அரபுத் தலைவர்களிடம் "ஹிமா" என்ற வழக்கம் இருந்தது. பலசாலி ஒருவர் செழிப்பான இடத்துக்கு வந்ததும் உயரமான ஓரிடத்தில் ஒரு நாயைக் குரைக்க வைப்பாராம். அதன் சத்தம் எட்டும் தூரமெல்லாம் அவருக்கு மட்டும். வெளியே உள்ள புல்லிலும் மற்றவர்களோடு சேர்ந்து மேய்ப்பார். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இந்த வழக்கத்தைக் குறிப்பிட்டுள்ளார்கள். ஹிமா அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்குமே உரியது என்று அறிவித்து, நபி (ஸல்) அவர்கள் அந்தத் தனியுரிமையை ஒழித்தார்கள். ஆனால் ஹிமாவை முற்றாக நீக்கவில்லை. மதீனாவுக்கு அண்மையில் அந்நகீஃ என்ற இடத்தைப் பொதுத் தேவைக்கான குதிரைகளுக்காகப் பாதுகாத்தார்கள். பலசாலியின் வேலி சமூகத்தின் காவலாக மாறியது.

உமர் (ரழி) அவர்களின் ஆட்சியில் நடந்ததுதான் என் மனதை மிகவும் தொட்டது. ஸஹீஹுல் புகாரியில் இது பதிவாகியுள்ளது. அவர்கள் ஹுனைய் என்ற தம் பணியாளரை ஒரு ஹிமாவின் பொறுப்பாளராக நியமித்தார்கள். சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டும் வைத்திருக்கும் எளியவரை உள்ளே விடச் சொன்னார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி), உஸ்மான் இப்னு அஃப்பான் (ரழி) ஆகியோரின் கால்நடைகள் விடயத்தில் எச்சரிக்கையாக இருக்கச் சொன்னார்கள்.

யார் அந்த இருவர்? சுவர்க்கத்துக்கு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் இருவர், தர்மத்தில் முன்னின்றவர்கள். அவர்களையா தடுப்பது? உமர் (ரழி) காரணத்தையும் விளக்கினார்கள். அந்த இருவரின் கால்நடைகள் அழிந்தாலும் அவர்களுக்குப் பேரீச்சந் தோட்டமும் வயலும் இருக்கின்றன. எளியவரின் சில உயிர்கள் அழிந்தால் அவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆட்சியாளரின் வாசலுக்குத்தான் வருவார். அப்போது பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிட இப்போது நீரும் புல்லும் கொடுப்பது இலகு.

டோர்பெல் ஊரார் எண்ணிக்கையால் வரையறுத்தார்கள். உமர் (ரழி) அவர்கள் அதற்கு மேலும் ஒரு படி சென்று, யாருக்கு முதலிடம் என்பதையும் வரையறுத்தார்கள். ஒஸ்ட்ரோம் அம்மையாரின் இலக்கணங்களும் ஹுனைய்யின் காவலும் வேறு வேறு காலத்தவை. ஆனால் இரண்டும் காவலும் கணக்கும் உள்ள பொதுமையைப் பற்றியவை. அரபு நாட்டில் ஹிமாக்கள் இருபதாம் நூற்றாண்டு வரை ஊர்களாலும் கோத்திரங்களாலும் பேணப்பட்டன. பல இடங்களில் அந்தக் காவல் நீங்கி, யாரும் வந்து மேய்க்கலாம் என்றான பின்னர் மேய்ச்சல் நிலங்கள் வேகமாகச் சீரழிந்தன. காவலை எடுத்துவிட்டுப் பொதுவை மட்டும் வைத்தால் என்னாகும் என்பதற்கு அது சாட்சி.

சரிவில் நடந்தது

பாடம் முடிந்ததும் ஓர் ஒப்படை கொடுத்தேன். அவரவர் ஊரில் பலரும் பயன்படுத்தும் ஒரு வளத்தை எடுத்து, யார் பயன்படுத்துகிறார்கள், எவ்வளவு, விதி என்ன, மீறினால் என்ன நடக்கிறது என்று எழுத வேண்டும். பலர் பீலித் தண்ணீரைப் பற்றி எழுதினார்கள். ஒருத்தி மையவாடிப் பாதையைப் பற்றி எழுதினாள். நம் மாணவி அந்தச் சரிவைப் பற்றி எழுதினாள். அதற்காக வீடு வீடாகப் போய் மாடுகளை எண்ணியிருந்தாள். லயத்தில் ஏழு, கீழ்க் கிராமத்தில் ஐந்து, எங்கள் வீடுகளில் ஆறு, சாச்சாவின் பதினைந்து. முதன்முதலாக அந்தக் கணக்கு ஒரு கடதாசியில் வந்தது.

அவள் வாப்பா அதை வாசித்தார். பின்னர் சாச்சாவும் வாசித்தார். உமர் (ரழி) அவர்களின் பகுதியில் அவர் நீண்ட நேரம் நின்றதாக அவள் சொன்னாள். உடனே எதுவும் மாறிவிடவில்லை. "நான் சட்டத்துக்கு மாறா என்ன செஞ்ச?" என்றுதான் முதலில் கேட்டாராம். அவள் வாப்பும்மா குறுக்கிட்டு, "சட்டத்த விடு மகன். அந்தப் புள்ளைகள்ட பால் வத்திப் போச்சே, அதுக்கென்ன சொல்ற?" என்று கேட்டிருக்கிறார்.

அடுத்த வாரம் பத்து மாடுகள் வேறோர் இடத்தில் காசு கொடுத்து எடுத்த காணிக்கு மாறின. பெருநாள் முடிந்த பின் மூன்று பக்கத்தவரும் சரிவின் அடியில் உள்ள பலா மரத்தடியில் கூடினார்கள். மழை வரும் வரை மேல் பாதிக்கு மாடு விடுவதில்லை, தனியே யாரும் தீ வைப்பதில்லை, விற்பதற்காக வாங்கும் மாடுகளை அங்கே விடுவதில்லை என்று பேசிக்கொண்டார்கள். எழுத்தில் இன்னும் எதுவுமில்லை. அடுத்த உலர்காலத்தில் அந்தப் பேச்சு நிற்குமா என்பது தெரிய இன்னும் ஒரு வருடம் வேண்டும். ஆனால் மாடுகள் கூடும் இடத்தில் மனிதர்களும் கூடினார்கள். மன்று என்ற சொல்லுக்கு அன்று அங்கே இரண்டு பொருளும் இருந்தன.

பல இனத்தவர் வாழும் நம் மாவட்டத்தில் இது சிறிய விடயமல்ல. புல் குறையும்போது எத்தனை மாடு என்று கேட்டால் கணக்கில் முடியும். யாருடைய மாடு என்று மட்டும் கேட்டால் பகையில் முடியும். அந்தக் கணக்கை யார் முதலில் எடுக்க வேண்டும்? அதிக மாடு வைத்திருப்பவர்கள்தான் எடுக்க வேண்டும் என்பேன்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் மேய்ச்சலுக்குப் பழகிய இடம் ஏதும் இருந்தால், அதைப் பயன்படுத்தும் எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து அதன் எல்லையையும் மாடுகளின் தொகையையும் எழுதி வையுங்கள். கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் அது அரச காணியா, தோட்டக் காணியா என்று கேட்டறியுங்கள். அரச காணியானால் மேய்ச்சலுக்கென ஒதுக்கும்படி கூட்டாக விண்ணப்பியுங்கள். லயத்துக் குடும்பங்களை அந்தக் கடதாசியில் விட்டுவிடாதீர்கள்.

மாணவிகளே, "புல் யாருக்குச் சொந்தம்?" என்று கேட்டவளுக்கு இப்போது என் பதில் இது: புல் அல்லாஹ்வுக்குச் சொந்தம். மேய்ச்சல் எல்லோருக்கும் பங்கு. அதில் முதல் பங்கு வேறு போக்கிடம் இல்லாத பசுவுக்கு.

அந்த மாணவி இப்போது நேரத்துக்கு வருகிறாள். ஓடைக்கு அங்கால போக வேண்டியதில்லையாம்.